வலப்பக்கம் இழுத்த டாக்ஸி

தம்பிகளே,

போன வாரம் நான் கராஜ் பக்கம் வந்திருந்தபோது உங்களில் ஒருவர் ஜாக்கியை உருட்டிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "ஐயா, இங்க வர்ற வண்டியில பாதி ஒரு பக்கமா இழுக்குதுன்னுதான் வருது. என்ன ஊருய்யா இது?" நல்ல கேள்வி. ஆனால் வெளியே என் மருமகன் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தான். மார்டின்டாரில் ஒரு கல்யாண விருந்துக்கு நேரமாகிவிட்டது. விருந்தில் உட்கார்ந்து சாப்பிடும்போதும் அந்தக் கேள்விதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர் என்ன பேசினார் என்றே தெரியாது. எழுதியே கொடுத்துவிடலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

நீங்கள் மதுரைப் பக்கமிருந்தும் திருநெல்வேலிப் பக்கமிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். இந்தக் கராஜில் நான் ஃபோர்மேனாக இருந்த காலம் முழுக்கத் தமிழ் எழுத்துப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பிறந்தது இந்தத் தீவிலேயே, பா டவுனில் வரதோலிப் பக்கம். பள்ளிவாசலில் அரபு, தமிழர் சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ், தெருவில் இந்தி, கஸ்டமரிடம் வாயில் எது வருகிறதோ அது. என் பிள்ளைகளுக்குத் தமிழில் திட்டினால் மட்டும்தான் புரியும். இப்போது படிக்க ஆள் வந்திருக்கும்போது எழுதாமல் விடுவேனா? எங்கள் தமிழ், கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய தாத்தாக்களோடு வந்து இந்தத் தீவிலேயே தங்கிவிட்ட தமிழ். சிரிக்க வேண்டுமானால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

இழுக்கிறது என்று வருகிற கார்களில் பல வகை உண்டு. பிரேக்கைத் தொட்டால் இழுப்பது, எந்நேரமும் இழுப்பது, மழை பெய்தால் இழுப்பது. இவற்றையெல்லாம் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். இந்த ஊர் ரோடு இடது ஓரத்துக்குச் சரிந்திருப்பதால் சும்மாவே எல்லாக் காரும் கொஞ்சம் இடது பக்கம் போகும், அதையும் தெரிந்துகொண்டிருப்பீர்கள். ஒரு வகை மட்டும் ஆளை ஏய்க்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வரும், காலை எடுத்தால் ஓடிப்போகும். புத்தகத்தில் டார்க் ஸ்டியர் என்று போட்டிருக்கிறது. முன்சக்கரம் இழுத்துப் போகிற கார்களுக்கே உள்ள வியாதி அது.

எங்கள் இளமைக் காலத்துக் கார்களில் பின்சக்கரம் உந்தும், முன்சக்கரம் திரும்பும். அவரவர் வேலை அவரவருக்கு. பிறகு ஜப்பானிலிருந்து செகண்ட் ஹேண்ட் கார்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. அவற்றில் முன்சக்கரமே வண்டியை இழுக்கவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். ஒரே ஆளிடம் இரண்டு வேலையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே மாதக் கடைசியில் வேலை குவியும்போது நீங்களே பார்க்கிறீர்கள்.

அப்படி ஒரு காரை ஓட்டிக்கொண்டு ஆக்னஸ் எங்கள் கராஜுக்கு வந்தாள். பா டவுனில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்த அந்தோணியின் மனைவி. அந்தோணிக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அதற்குப் பிறகு அந்தோணியின் அண்ணன் சூசை, பஸ் ஓட்டிவிட்டு வந்து மிச்ச நேரத்தில் தம்பியின் டாக்ஸியையும் ஓட்டினார். எத்தனை நாளைக்கு அப்படி ஓட்ட முடியும்? ஆக்னஸ் சத்தமில்லாமல் டிரைவிங் பழகி லைசென்ஸ் எடுத்தாள். டாக்ஸியை நானே ஓட்டுகிறேன் என்று அவள் சொன்னபோது கோயிலில் பாதிப் பேர் சிரித்தார்களாம், பாதிப் பேர் ஜெபம் பண்ணினார்களாம். அவளே சொல்லிச் சிரிப்பாள். அப்போது பா டவுனில் டாக்ஸி ஓட்டுகிற பெண்பிள்ளை யாரும் கிடையாது.

கராஜுக்கு வந்த அன்று அவள் சிரிக்கவில்லை. காரை விட்டு இறங்கியதும் கதவைப் பிடித்துக்கொண்டே பேசினாள். நாங்கள் பேசியதில் பாதி இந்தி. உங்களுக்காகத் தமிழாக்கி எழுதுகிறேன், சில வார்த்தைகள் மட்டும் அசைய மாட்டேன் என்கின்றன: அச்சா என்றால் நல்லது, கராப் கெட்டது, ஏக்தம் ஒரேயடியாக, தோடா கொஞ்சம்.

"பாய், கார் வலது பக்கமா இஸ்துகினு போவுது. எல்லாரும் கார் அச்சா இருக்குது, என் கைதான் கராப்ங்கிறாங்க."

"எப்ப இழுக்குது?"

"எப்பவும் இல்ல பாய். ஆளு ஏத்திக்கினு, ரெண்டாவது கியர்ல ஜோரா மிதிச்சா. காலை எடுத்துட்டா ஏக்தம் நேரா வந்துடுது."

பிறகு நடந்ததைச் சொன்னாள். மார்க்கெட்டுக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு, டிக்கி நிறைய மரவள்ளியும் டாலோக் கிழங்கும் வைத்துக்கொண்டு, கரும்புக்காட்டு ரோட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு மேட்டில் ஏறியிருக்கிறாள். அது கரும்பு வெட்டுகிற பருவம். எதிரே கரும்பு லாரி வந்துகொண்டிருந்தது. சீக்கிரம் ஏறி இடது ஓரத்துக்குப் போய்விடலாம் என்று மிதித்தாள். கார் லாரியைப் பார்த்தே பாய்ந்தது. லாரிக்காரன் புல்லில் இறக்கிவிட்டதால் தப்பித்தார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் லாரிக்காரன் சூசைக்குத் தெரிந்தவன். பொழுது சாய்வதற்குள் டவுன் முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சி வீட்ல எல்லாரும் ஒக்காந்து பேசப்போறாங்க. டாக்ஸிய மூத்தாருக்கே குடுத்துடணும்னு சொல்றாங்க" என்றாள். புருஷனின் அண்ணனை எங்கள் பக்கம் மூத்தார் என்போம். "குடுத்துட்டா நான் லௌடோக்கால துணி தைக்கிற கம்பெனிக்குப் போவணும். காலையில பஸ் புடிச்சா பொழுது சாஞ்சிதான் திரும்பணும். இவர யாரு பாத்துப்பாங்க பாய்? டாக்ஸின்னா நடுவுல வீட்டுக்கு வந்து சோறு ஊட்டிட்டுப் போவலாம்."

நான் சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். பாலம் வரைக்கும் போய்த் திரும்பினேன். கார் நூல் பிடித்தது போல நேராகப் போயிற்று. இன்னொரு மெக்கானிக்கையும் அனுப்பினேன். அவனும் வந்து கையை விரித்தான். பிரேக் ஒட்டவில்லை, வீல் அலைன்மென்ட் சரியாக இருந்தது, டயரில் காற்றும் சரி. ஆக்னஸ் பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் முகங்களையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து சூசை வந்தார், பஸ் கம்பெனிச் சட்டையோடு. அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். தம்பி விழுந்த நாளிலிருந்து அந்த வீட்டைத் தாங்கியவர் அவர்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டு அவர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"பாய், நீ பெரிய மேஸ்திரி. உனக்கே ஒண்ணும் தெரியல. நான் இத்தினி மாசமா ஓட்டறேன், எனக்கும் தெரியல. அவளுக்கு மட்டும் தெரியுதுன்னா? பாவம் பாத்து 'கார்ல கோளாறு இருந்திச்சி, சரி பண்ணிட்டேன்'னு சும்மா சொல்லிடாத. அத நம்பி அவ ரோட்டுக்கு வந்து எதுனா ஆயிட்டா, என் தம்பி மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்?"

அவர் கேட்டது நியாயம். காரில் ஒன்றும் இல்லாதபோது இருக்கிறது என்று நான் சொன்னால் அவள் உயிருக்கு ஆபத்து. இருக்கும்போது இல்லை என்று சொன்னால் அவள் பிழைப்பு போகும், அந்தக் கோளாறு அப்படியே ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு அதிக நாள் இல்லை. ஓட்டிப் பார்த்த மூன்று ஆம்பிளைகளும் ஒரு பக்கம், நேற்று லைசென்ஸ் வாங்கிய ஒருத்தி மறுபக்கம். நீங்களாக இருந்தால் எந்தப் பக்கம் நிற்பீர்கள்? அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள்.

எனக்கு உறுத்தியது ஒரே விஷயம். "காலை எடுத்துட்டா ஏக்தம் நேரா வந்துடுது" என்று அவள் சொன்னாளே, அது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் இடித்துவிட்டு வந்து சாக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சாக்குச் சொல்கிறவன் பெரிதாகச் சொல்வான். பிரேக் பிடிக்கவில்லை என்பான், ஸ்டியரிங் பூட்டிக்கொண்டது என்பான், நாய் குறுக்கே வந்தது என்பான். காலை எடுத்தால் தானாக நேராகிவிடுகிறது என்று எவனும் கற்பனை செய்ய மாட்டான். அதைச் சொல்வதால் அவனுக்கு என்ன லாபம்? ஒரு லாபமும் இல்லாத விவரத்தை ஒருவர் சொன்னால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அனேகமாக அது நிஜமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, அவள் "ஆளு ஏத்திக்கினு" என்றாள். நாங்கள் காலிக் காரை அல்லவா ஓட்டினோம்?

மறுநாள் அவளையே ஓட்டச் சொன்னேன். டிக்கியில் மணல் மூட்டைகள். பின்சீட்டில் இரண்டு பையன்கள், அவர்களுக்கு நடுவில் எங்கள் பெயிண்டர் ஜோனே. ஜோனே உட்கார்ந்தால் எந்தக் காரும் ஒரு பெருமூச்சு விடும், அப்படி ஆள். நான் ஆக்னஸுக்குப் பக்கத்தில். லாரி வராத ஒரு மேட்டு ரோட்டுக்குப் போனோம். ரோட்டைப் பார்க்காமல் அவள் கைகளையே பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டேன். அப்படிச் செய்வதற்கு எனக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

டிரைவிங் ஸ்கூலில் சொல்லித்தந்தபடி அவள் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்திருந்தாள், பூக்கூடையைப் பிடிக்கிற மாதிரி. இரண்டாவது கியர் போட்டாள். "மிதி" என்றேன். மிதித்தாள். அவள் கை திருப்பவில்லை. என் கண்ணால் பார்த்தேன். ஸ்டியரிங்தான் தானாகத் திரும்பி அவள் கையைக் கூட்டிக்கொண்டு போயிற்று. கார் நடு ரோட்டைத் தாண்டி வலது பக்கம் போனது. பின்னாலிருந்து ஜோனே "இசா!" என்று கத்தினான். இந்தத் தீவின் பூர்வகுடிகள் பாஷையில் ஐயோ மாதிரி, ஜோனே அவர்களில் ஒருவன். "காலை எடு" என்றேன். எடுத்தாள். கார் சமர்த்தாக நேராக வந்தது.

"பாத்தீங்களா பாய்? பாத்தீங்களா?" என்றாள். சந்தோஷத்திலா பயத்திலா என்று கேட்கவில்லை, இரண்டும்தான்.

பிறகு நான் சீட்டு மாறி உட்கார்ந்தேன். அதே ரோடு, அதே பாரம், அதே கியர். மிதித்தேன். தம்பிகளே, கார் நேராகப் போயிற்று! ஆக்னஸ் முகத்தில் ஈயாடவில்லை. ஜோனே என் கழுத்தருகே குனிந்து, "மேஸ்திரி, காருக்கு உன்னைக் கண்டால் பயம்" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரை நிமிஷம் முன்னால் இழுத்த கார் எனக்கு மட்டும் ஏன் இழுக்கவில்லை?

அப்போதுதான் என் வலது மணிக்கட்டைக் கவனித்தேன். இறுகிப்போயிருந்தது, இறுகிப்போன போத்தல் மூடியைத் திறக்கிறவன் கை போல. நான் அதை இறுக்கவில்லை. எனக்குத் தெரியாமல் அது தானாக இறுகியிருந்தது. இத்தனை வருஷம் எத்தனையோ கோணல் வண்டிகளை ஓட்டிப் பழகிய கை. வண்டி இழுப்பதற்கு முன்னாலேயே எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டு, அந்தச் செய்தியை எனக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டது.

மறுபடி போனேன். இந்தத் தடவை ஸ்டியரிங்கை விரல் நுனியால் மட்டும் தொட்டுக்கொண்டு மிதித்தேன். அது என் விரலை விட்டு உருவிக்கொண்டு வலது பக்கம் சுற்றியது. பின்சீட்டில் மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். எனக்கோ திருவிழாவில் ராட்டினம் ஏறியது போல இருந்தது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அப்படித்தான், உங்களுக்கும் வரும்.

காரை ஓரம் கட்டியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஸ்டியரிங் உறையை அந்தோணி பிளாஸ்டிக் கயிற்றால் பின்னிப் போட்டிருந்தார். இடது பக்கம் புதுசு போல இருந்தது. வலது பக்கம், கை வைத்து மேலே தள்ளுகிற இடத்தில், கயிறு தேய்ந்து உள்ளே கறுப்பு தெரிந்தது. இங்கே கியர் போடுவது இடது கை, மிதிக்கும்போது ஸ்டியரிங்கில் இருப்பது வலது கை மட்டும். வருஷக்கணக்காக அந்தக் கை காரை இடது பக்கம் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஆக்னஸிடம் காட்டினேன். அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வலது தோளு வலிக்குதுன்னு தெனம் தைலம் தேய்ச்சி விடச் சொல்லுவாரு பாய். டிரைவர்னா அப்பிடித்தான் இருக்கும்னு சொல்லுவாரு." நல்ல மனுஷன், தன் காரோடு மல்லுக்கட்டுகிறோம் என்று தெரியாமலே மல்லுக்கட்டியிருக்கிறார்.

சரி, ஏன் இழுக்கிறது? முன் டயர்களை இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தோம். டயரில் கோளாறு என்றால் இழுப்பும் பக்கம் மாறும். மாறவில்லை. இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் ஒரு பக்கம் நைந்து உட்கார்ந்திருந்தது. சக்கரத்தைப் பிடித்திருக்கிற கீழ்க் கையின் ரப்பர் புஷ்கள் தளர்ந்திருந்தன. இவையெல்லாம் இழுப்பைக் கூட்டும். ஆனால் இந்த அளவுக்கு இழுக்க அவை மட்டும் போதாது என்று பட்டது.

காருக்கு எதிரே ஒரு டப்பாவைப் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கு தூக்கிக்கொண்டு நின்றது. அதில் எனக்கு ஒன்றும் விசேஷமாகப் படவில்லை, ஏனென்றால் பா பக்கத்தில் மூக்குத் தூக்காத டாக்ஸி எங்கே இருக்கிறது? கரும்புக்காட்டு ரோடுகளைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் லாரிச் சக்கரப் பள்ளம், நடுவில் புல் முளைத்த மேடு. அங்கங்கே கரும்பு ரயிலின் தண்டவாளம் வேறு. சாதாரணக் கார் போனால் வயிறு கிழியும். அதனால் கார் வாங்கியவுடன் முன் ஷாக்கின் தலைக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு தடித்த இரும்பு வளையத்தைக் கொடுத்துத் தூக்கிவிடுவது இந்த ஊர் வழக்கம். பிள்ளை பிறந்தால் மொட்டையடிக்கிற மாதிரி, ஏன் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் கராஜிலேயே எத்தனையோ கார்களுக்குப் போட்டிருக்கிறோம். பின்சக்கரம் உந்துகிற பழைய கார்களில் அதனால் ஒரு தொந்தரவும் வரவில்லை.

முன்சக்கரம் இழுக்கிற காரில் வரும். இன்ஜினிலிருந்து இரண்டு சக்கரங்களுக்கும் இரண்டு ஷாஃப்ட் போகிறது. இந்தக் காரில் இடது பக்கம் குட்டை, வலது பக்கம் நெட்டை. இரண்டும் கிட்டத்தட்டப் படுத்திருக்கும் வரைக்கும் பெரிய சண்டை இல்லை. மூக்கைத் தூக்கினால் இரண்டும் சரியும். ஒரே சுவரில் ஒரே உயரத்துக்கு ஒரு குட்டை ஏணியையும் ஒரு நெட்டை ஏணியையும் சாய்த்துப் பாருங்கள், குட்டை ஏணிதான் அதிகம் நிமிர்ந்து நிற்கும். அதே கதை. குட்டை ஷாஃப்ட் அதிகமாகச் சரிந்து, மிதிக்கும்போது இரண்டு சக்கரமும் ஸ்டியரிங்கை ஒரே அளவுக்குத் திருகாமல், நெட்டை ஷாஃப்ட் இருக்கிற வலது பக்கத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. டிக்கியில் டாலோ ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்து மூக்கு இன்னும் மேலே போகும். மேட்டில் மிதித்தால் இன்னும் கொஞ்சம். ஆக்னஸ் அன்று எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்திருக்கிறாள். லாரியும் எதிரே வந்துவிட்டது.

வளையத்தைக் கழற்றிவிட்டால் முடிந்தது என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆக்னஸ் தலையை ஆட்டினாள்.

"எறக்கிட்டா உள்ள போவ முடியாது பாய். என் கஸ்டமரு எல்லாம் கரும்புக்காட்டுக்குள்ளதான் இருக்கறாங்க. மெயின் ரோட்ல பஸ் போவுது, அங்க என்ன யாரு கூப்பிடுவாங்க?"

இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். புத்தகப்படி சரியான வேலையைச் செய்து காரைக் கொடுத்திருந்தால், கார் நேராக ஓடியிருக்கும், அவளுக்குப் பிழைப்பு இருந்திருக்காது. அந்த வளையத்தை மடத்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அந்தோணி அந்த ரோட்டுக்காகத்தான் அதைப் போட்டார், ரோடு இன்னும் அப்படியேதான் இருந்தது. எங்கள் வேலை காருக்கு அல்ல, அந்த ரோட்டில் அந்தக் காரை ஓட்டப்போகிற ஆளுக்கு.

தடித்த வளையத்தை எடுத்துவிட்டு மெல்லியதாக ஒன்று கடைந்து போட்டோம். பின்பக்கம் உட்காராமல் இருக்கக் கெட்டியான ஸ்பிரிங். இன்ஜின் ரப்பர் புதிது, புஷ்கள் புதிது, முன்னால் இரண்டும் ஒரே ஜாதி டயர். வயிறு கிழியாமல் அடியில் ஒரு தகடு. அவளிடம் ஒளிக்காமல் சொன்னேன்: "ஏக்தம் போயிடாது ஆக்னஸ். தோடா இருக்கும். பாரம் ஏத்தினா உன் கைக்குத் தெரியும். தெரிஞ்சா காலத் தளத்து, கைய இறுக்காத."

சனிக்கிழமை சூசையை வரச் சொன்னேன். அந்தோணியையும் கூட்டி வந்திருந்தார்கள். அதே மணல் மூட்டை, அதே ஜோனே. பின்சீட்டில் ஜோனேவுக்கு இரண்டு பக்கமும் அந்தோணியும் ஆக்னஸும். நான் முன்சீட்டில் ஏறிக்கொண்டு சூசையிடம் சாவியைக் கொடுத்து, "நீங்களே ஓட்டுங்க அண்ணே" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. என்ன ஆகும் என்று எனக்கே சரியாகத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை மட்டும் பொத்துக்கொண்டு வந்தது.

மேட்டில் இரண்டாவது கியர் போட்டு மிதித்தார். கார் இடது பக்கமாகப் போய் புல்லில் இறங்கியது.

பிரேக் போட்டு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சீறினார். "என்னா பாய் பண்ணி வெச்சிருக்கற? நேரா போயிக்கினு இருந்த கார இப்ப இடது பக்கமா இழுக்க வெச்சிட்டியே!"

"கார் இழுக்கல அண்ணே. உங்க வலது கையப் பாருங்க."

பார்த்தார். அது ஸ்டியரிங்கை மேலே தள்ளிக்கொண்டே இருந்தது, நின்றுபோன காரிலும்.

"இன்னொரு தடவை. விரலால மட்டும் தொட்டுக்குங்க."

மறுபடி ஏறினோம். ஸ்டியரிங் விரலில் லேசாகத் துடித்தது, அவ்வளவுதான். கார் நேராகப் போயிற்று. மேட்டின் தலையில் நிறுத்தி இன்ஜினை அணைத்தார். பின்னாலிருந்து அந்தோணிதான் பேசினார். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வரும்.

"அண்ணே... வளையம்... நான்தான் போட்டேன்." நல்ல கையால் தன் வலது முழங்காலைத் தட்டிக்கொண்டார். பிறகு தைலம் தேய்க்கச் சொன்ன அந்த வலது தோளைக் குலுக்கிக் காட்டிச் சிரித்தார். "இத்தினி நாளா... என்கூட நானே... சண்ட போட்டுக்கினு இருந்தேன்."

சூசை இறங்கி வந்து பின்கதவைத் திறந்தார். "ஆக்னஸ், வா. நீ ஓட்டு. எல்லாரையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேரு."

அந்தோணியைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தோம். நானும் சூசையும் ஜோனேவின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டோம். ஆக்னஸ் மேட்டில் இறங்கி, திருப்பி, மறுபடி ஏறி, மெயின் ரோட்டுக்கு வந்தாள். கரும்பு லாரிகள் எதிரே வந்துகொண்டுதான் இருந்தன. மிதிக்க வேண்டிய இடத்தில் மிதித்தாள். கார் தன் இடது ஓரத்திலேயே போயிற்று.

நான் சூசையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் மிதிக்கிற ஒவ்வொரு தடவையும், தொடை மேல் இருந்த அவருடைய வலது கை தானாக மேலே தள்ளியது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். வெட்கப்பட்டுச் சிரித்தபடி அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் பேச்சுவார்த்தை ஒன்றும் நடக்கவில்லை. பூசைக்கு எல்லோரையும் ஆக்னஸ்தான் ஏற்றிக்கொண்டு போனாளாம். அதற்குப் பிறகு பல வருஷம் அந்த டாக்ஸியை ஓட்டினாள். எங்கள் கராஜில் மூக்குத் தூக்குவதற்கு முன்னால் எந்தச் சக்கரம் இழுக்கிற கார், எந்த ரோட்டுக்குப் போகிற கார் என்று கேட்கிற பழக்கம் அப்போதுதான் ஆரம்பித்தது.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான் தம்பி. இங்கே பாதிக் கார் இழுக்கிறது, ஓட்டுகிறவர்களுக்கு அது தெரிவதில்லை. உங்களுக்குத் தெரிகிறது, ஏனென்றால் நீங்கள் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கராஜில் கார் மட்டும்தான் கோணலாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். நாங்கள் வேலையைப் பிரித்துக் கொடுக்கிற விதம், கஸ்டமரிடம் பேசுகிற விதம், "எப்பவும் இப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டுப் போகிற விஷயங்கள், எதுவாவது உங்கள் கைக்கு உறுத்தினால் இப்போதே வாயைத் திறந்து சொல்லுங்கள். யாராவது "உன் கைதான் கராப்" என்றாலும் சொல்லுங்கள். தள்ளிப் போட்டால் உங்கள் கையும் பழகிவிடும், அப்புறம் உங்களுக்கும் ஒன்றும் தெரியாது. நாங்கள் எல்லோரும் வருஷக்கணக்காக இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.